பனிக்கடல் சேறு

அய்யாசாமி பிரிட்ஜைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். பால்கனியில் துணி காயப்போட்டிருந்த நைலான் கயிறு. அறுத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். கைப்பிடியில் ஒரு சுற்று, பின்பக்கக் கம்பியில் ஒரு சுற்று, மறுபடி முன்னால் இழுத்து ஒரு முடிச்சு. முடிச்சு இறுகவில்லை. அவிழ்த்து மறுபடி போட்டார்.

ஹாலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் வைஷ்ணவி சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மகன் கௌதமனைக் கொண்டுவரும் வண்டி கிளம்பிவிட்டதாகப் போன் வந்திருந்தது. 

பேத்தி ஸ்நேஹா காலி பாட்டிலோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். முதல் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

"தாத்தா, டண்டா பானி. ஜில்லுனு வேணும்."

"குழாய்ல பிடிச்சுக் குடி."

"அதுல சூடா வருது தாத்தா."

"சூடாவே குடி. இந்தப் பொட்டியத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்."

பிள்ளை பயந்து இரண்டு அடி பின்னால் போனது. போகட்டும். பயந்தால்தான் பிழைக்கும்.

ஜூன் மாத வெயில். டெல்லி துவாரகாவில் காலையிலிருந்து கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. பிரிட்ஜ் ஒவ்வொரு தடவை நின்று ஓடும்போதும் உடம்பைக் குலுக்கியது. உள்ளே மேல்தட்டில், பால் வைக்கிற இடத்தில், டேப் சுற்றிய ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்தது. அதில் இருப்பது சேறு. வடதுருவத்துப் பக்கம் பனிமலை வந்து கடலில் இறங்குகிற இடத்தில், கடலுக்கு அடியிலிருந்து அள்ளிய சேறு. கௌதமனுடைய லேபுக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஏர்போர்ட்டில் வந்து இறங்கியது. லேபில் குளிர் அறை ரிப்பேர். வீடு ஏர்போர்ட்டுக்குப் பக்கம். திங்கட்கிழமை கொண்டுபோகலாம் என்று கௌதமன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் கண்டது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அப்புறம் அவன் வீட்டுக்கு வரவில்லை. பெட்டி மட்டும் இருக்கிறது.

அதற்குப் பக்கத்தில் இருந்த பாலை அய்யாசாமி அன்றே சாக்கடையில் ஊற்றிவிட்டார். தயிர், தக்காளி, இட்லி மாவு, எல்லாவற்றையும். பெட்டியையே தூக்கித் தெருவில் எறிந்திருப்பார். தொட வேண்டுமே, அதுதான் பயம்.

முன்பு ஒரு நாள் கௌதமன் போனை மறந்துவிட்டுப் போனான் என்று அவர் லேபுக்கே கொண்டுபோயிருந்தார். கண்ணாடிக் கதவு வரைக்கும்தான் விட்டார்கள். உள்ளே மகன் நின்றிருந்தான். தலைக்குத் தொப்பி, வாய்க்கு மூடி, முழங்கை வரைக்கும் கையுறை. ஒரு கண்ணாடி அலமாரிக்குள் கையை விட்டு, பாம்பைப் பிடிக்கிறவன் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சின்னக் குழாயைத் திறந்தான். அய்யாசாமி கண்ணாடிக்கு இந்தப்பக்கம் நின்றும் மூச்சை அடக்கிக்கொண்டார். லோதி ரோடு சர்க்கார் குவார்ட்டர்ஸில் பம்ப் ஆபரேட்டராக வாழ்நாள் முழுக்கச் சேற்றில் இறங்கியவர் அவர். சேற்றுக்கு யாராவது இப்படி வேஷம் கட்டுவார்களா? கட்டுகிறார்கள் என்றால் அது சேறு இல்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார்.

"ஏண்டா, அந்தச் சேத்துல அப்படி என்ன இருக்கு?"

"பாக்டீரியாப்பா. மருந்து செய்யிற பாக்டீரியா."

"பாக்டீரியான்னா கிருமிதான? கிருமி எங்கயாச்சும் மருந்து செய்யுமா?"

"அதுக்கு அது மருந்து இல்லப்பா, விஷம். பக்கத்துல இருக்கிற இன்னொரு கிருமியக் கொல்றதுக்குச் செய்யிது. நமக்கு அது மருந்தாகும்." கௌதமனுக்கு அந்தப் பேச்சு வந்தால் சோறு மறந்துவிடும். "பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரி வெள்ளப் புள்ளியாத்தான் தெரியும். உள்ள இருக்கிற ஜீனப் படிச்சாத்தான் தெரியும், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் ஒட்டுமில்ல உறவுமில்ல. இந்த எடத்துல அள்ளுன சேத்துல இருக்கிறது பத்தடி தள்ளி அள்ளுனதுல கிடையாது. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு விஷம் வச்சிருக்கு. அதுலயும் பாதிய லேப்ல செய்யவே செய்யாது. செய்யத் தெரியும், ஆனா சும்மா கெடக்கும்."

"பெறகு எப்பச் செய்யும்?"

"பயந்தா. பக்கத்துல எதிரிய விட்டோம்னா பயந்துபோயிச் செய்யும்."

அய்யாசாமி அன்று மோர் ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டார். பெற்ற மகன் சொன்னாலும் எதையும் அப்படியே விழுங்குகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் விஷம் என்கிற வார்த்தையை மட்டும் நம்பினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறு கதை சொன்னான். முதுகில் ஒரு கட்டி, அது பழுத்து ரத்தத்தில் ஏறிவிட்டது, சர்க்கரை உள்ள உடம்பு, இருக்கிற மருந்துக்கெல்லாம் பழகிப்போன கிருமி, எதைக் கொடுத்தாலும் அடங்கவில்லை என்றான். சொல்லும்போது அவன் அய்யாசாமியின் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த போனைப் பார்த்தான். போனைப் பார்த்துக்கொண்டு சொல்கிறவன் பேச்சை எப்படி நம்புவது? நம்புவதற்கு மகனே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான். வாயில் குழாய் செருகுவதற்கு முன்னால், கண் செருகிக்கொண்டிருக்கும்போது அய்யாசாமியின் கையைப் பிடித்து இழுத்துச் சொன்னான்.

"அப்பா, வீட்ல அந்தப் பொட்டி. தொறக்காதீங்க. யாரையும் தொட விடாதீங்க."

அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அய்யாசாமி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். மறுபடி கழுவினார்.

*

லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது. வாசுதேவன் உள்ளே வந்தான். அய்யாசாமியின் மைத்துனர் மகன், ஏர்போர்ட்டில் வேலை. ஆஸ்பத்திரிக் காரியங்களையெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தவன் அவன்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாமா, கொஞ்சம் கீழ வாங்க. வண்டியக் கேட்லயே நிறுத்திட்டாங்க."

"எவன்?"

"சொசைட்டி செக்ரெட்டரி. பாடிய உள்ள விடமாட்டேங்கிறான்."

வைஷ்ணவி நிமிர்ந்து பார்த்தாள். அய்யாசாமி கயிற்றை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

கேட்டுக்கு வெளியே வெள்ளை வேன் நின்றிருந்தது. செக்ரெட்டரி குரானா முகத்தில் மூடி கட்டிக்கொண்டு, வேனிலிருந்து பத்தடி தள்ளி நின்றார். அவர் பின்னால் இன்னும் சிலர். அவர்களும் மூடி கட்டியிருந்தார்கள். குரானா கையைக் கூப்பினார். இந்தியில் மரியாதையாகத்தான் பேசினார்.

"அங்கிள்ஜி, தப்பாக நினைக்காதீர்கள். இது குழந்தைகள் இருக்கிற இடம். லிஃப்ட் எல்லோருக்கும் பொது. பாக்டீரியா விஷயம். நேராகச் சுடுகாட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நாங்களும் வருகிறோம்."

"ஆஸ்பத்திரியிலேயே ஒன்றும் பயமில்லை என்று சொல்லித்தானே கொடுத்தார்கள்?" வாசுதேவன் இந்தியில் கத்தினான். "உங்களுக்கு யார் சொன்னது இதெல்லாம்?"

"எல்லோருக்கும் தெரியுமே பாய்சாப். வெளிநாட்டிலிருந்து எதையோ வீட்டுக்குக் கொண்டுவந்தாராம். பால் பூத்தில்கூடப் பேசிக்கொள்கிறார்கள்."

அய்யாசாமி தரையைப் பார்த்தார். பால் பூத்துக்காரனிடம் அதைச் சொன்னவர் அவர்தான். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஏன் பால் வாங்க வரவில்லை என்று அவன் கேட்டான். இவருடைய ஓட்டை இந்தியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

வேனின் பின்கதவுக் கண்ணாடி வழியாக ஒரு நீளமான வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. தலைமாட்டில் முடிச்சு, கால்மாட்டில் முடிச்சு. வேன்காரர்கள் இரண்டு பேரும் நீலக் கையுறை போட்டிருந்தார்கள். அவர்கள் தினமும் பிணம் தூக்குகிறவர்கள். அவர்களே கையுறை போட்டிருக்கிறார்கள்.

"டீக் ஹை," என்றார் அய்யாசாமி. "நேரா கொண்டுபோயிருவோம்."

வாசுதேவன் திரும்பினான். "மாமா?"

"அவன் சொல்றதுல என்னடா தப்பு? வெயிலு வேற. ஊர்க்காரங்க வர ரெண்டு நாளாகும். வச்சிருக்க முடியாது. கொண்டுபோயிருவோம்."

"குளிப்பாட்ட வேணாமா? எண்ணெ வைக்க வேணாமா? பங்காளி கை படாம எப்படி மாமா எரிக்கிறது?"

அய்யாசாமிக்கும் அது தெரியும். தலையில் முதல் எண்ணெய் பங்காளி கையால்தான் வைக்க வேண்டும். வாசுதேவன் மாமன் வழி, அவன் வைக்க முடியாது. பங்காளிகளெல்லாம் சாத்தூரில் ரயில் ஏறிக்கொண்டிருப்பார்கள். டெல்லியில் கௌதமனுக்கு இருக்கிற ஒரே பங்காளி அவன் அப்பன்தான். இந்தக் கணக்கைக் காலையிலிருந்தே அவர் மனதுக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.  அந்தத் தலையைத் தொட வேண்டும். தொட்ட கையோடு வீட்டுக்குள் போக வேண்டும். வீட்டில் ஒரு சின்னப் பிள்ளை இருக்கிறது.

"மாமா."

வைஷ்ணவி பின்னால் நின்றிருந்தாள். படியிறங்கி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது.

"நேரா கொண்டுபோகச் சொன்னது நீங்களா?"

"ஆமா. பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

"அவரு கட்டியில செத்தாரு மாமா. முதுகுல வந்த கட்டி. நான்தான் தெனமும் களிம்பு போட்டேன். அந்தப் பொட்டி வர்றதுக்கு முன்னாலருந்தே இருந்துச்சு. நீங்களும் பாத்தீங்க."

"டாக்டரு கிருமின்னுதான சொன்னான்? இவன் பொழப்பே கிருமிதான? நான் என்னத்தக் கண்டேன்?"

"அப்ப நான் களிம்பு போட்டேனே, எனக்கு ஏன் ஒண்ணும் வரல?"

"வரலன்னு யாரு சொன்னா? வர நாளாகும்."

 வைஷ்ணவி குரானாவிடம் போய் நின்றாள். டெல்லியிலேயே வளர்ந்தவள், இந்தி சுத்தமாக வரும். "லிஃப்ட் வேண்டாம். வீட்டுக்குள்ளும் வேண்டாம். கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் வைத்துக் குளிப்பாட்டுவோம். தோட்டக் குழாய்த் தண்ணீர் போதும். இதற்கும் வழி விடமாட்டீர்கள் என்றால் நடுரோட்டில் வைத்துக் குளிப்பாட்டுவேன். எல்லோரும் போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்."

குரானா பின்னால் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். கேட் திறந்தது.

*

வேன் உள்ளே நுழையும்போதே பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்து நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் கையில் பெரிய ஐஸ் பெட்டியோடு இறங்கி வைஷ்ணவியிடம் ஓடினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

"மாமா, இவ ஸ்ம்ருதி. அவரோட லேப்ல வேலை பாக்குறா. நான்தான் வரச் சொன்னேன்." வைஷ்ணவி கண்ணைத் துடைத்தாள். "கரண்ட் போய்ப் போய் வருது. அந்தச் சேறு சூடாயிட்டா வீணாப் போயிரும். மேல கூட்டிட்டுப் போய் எடுத்துக் குடுங்க."

அய்யாசாமிக்கு அந்தப் பெண்ணைப் பார்த்ததும் பாதி உயிர் வந்தது. பெட்டி வீட்டைவிட்டுப் போகும். மீதி உயிர் வரவில்லை. லிஃப்டில் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"சாரி அங்கிள். இன்னிக்கு வரக் கூடாதுதான்," என்றாள் அவள். டெல்லித் தமிழ், நடுவில் இந்தி. "ஆனா கௌதம் சார் இதுக்காக மூணு வருஷம் வெயிட் பண்ணார். அவரை ஷிப்ல அனுப்ப மாட்டாங்க. அவர் டெக்னீஷியன்தானே. சேறு மட்டும் வரும். அவர் சொல்வார், கடல் நம்மகிட்ட வருது, போதும்னு."

லிஃப்ட் நின்றதும் அய்யாசாமி முன்னால் இறங்கினார். சமையலறையில் கயிற்றை அவிழ்த்துவிட்டு எட்டி நின்றார்.

ஸ்ம்ருதி பையிலிருந்து வாய்மூடியை எடுத்துக் கட்டினாள். ஒரு பாக்கெட்டைக் கிழித்துக் கையுறை எடுத்துப் போட்டாள். அதன்மேல் ஏதோ மருந்தைத் தெளித்து இரண்டு கையையும் தேய்த்தாள். அதன் பிறகுதான் பிரிட்ஜைத் திறந்தாள்.

அய்யாசாமி இன்னும் ஒரு அடி பின்னால் போனார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் பார்த்த அதே வேஷம்.

"பாத்தியா," என்றார். "பாத்தியா. நான் சொன்னா என்னப் பைத்தியக்காரன்ங்கிறாங்க. ஏத்தா, உண்மையச் சொல்லு. எம் மகன இதுதான கொன்னுச்சு?"

அவள் திரும்பினாள். வாய்மூடிக்கு மேல் கண் மட்டும் தெரிந்தது.

"எது அங்கிள்?"

"நீ எதுக்குக் கிளவுஸ் போட்டியோ அது."

அவளுக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் வாய்மூடியைக் கீழே இறக்கினாள்.

"ஐயோ, இல்ல அங்கிள். இது எனக்காக இல்ல. அதுக்காக."

"எதுக்காக?"

"சேத்துக்காக. நம்ம கையில, மூச்சுல, எல்லாத்துலயும் கிருமி இருக்கு. அது உள்ள விழுந்துட்டா, மத்லப், அதாவது எது கடல்லேருந்து வந்தது, எது நம்மகிட்டேருந்து போனதுன்னு தெரியாது. எல்லாம் கெட்டுப்போயிடும். அதுங்கள நம்மகிட்டேருந்து காப்பாத்தத்தான் இது. நம்ம உடம்புச் சூட்டுல அதுங்களால இருக்கவே முடியாது அங்கிள். பனித்தண்ணியில இருக்கிறதுங்க. நம்ம கை பட்டாலே செத்துரும்."

வாய் எதையும் சொல்லும். ஆஸ்பத்திரியிலும் வாய்தான் சொன்னது, எல்லாம் சரியாகிவிடும் என்று.

"அப்படின்னா கிளவுஸக் கழட்டிட்டுத் தொடு," என்றார் அய்யாசாமி.

"அங்கிள்..."

"வெறுங்கையால தொடு. நான் பாக்குறேன்."

"தொட்டா கெட்டுப்போயிடும் அங்கிள். அதான் சொன்னேன்."

"அதான. தொட மாட்ட. எனக்குத் தெரியும். கீழ எம் மகன் கெடக்குறான், அவன நான் தொடணும். நீ ஒரு துளி சேத்தத் தொட மாட்டேங்கிற."

குரல் உயர்ந்துவிட்டது. ஹாலில் இருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஸ்ம்ருதி பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் சுருங்கியது. பிறகு பெட்டியை மேடைமேல் வைத்து டேப்பைப் பிரித்தாள். உள்ளே வரிசையாக விரல் நீளக் குழாய்கள். ஒவ்வொன்றிலும் கறுப்பாக ஏதோ. அவள் ஒவ்வொன்றாகப் பெயர் படித்துக்கொண்டு போனாள். ஒன்றைத் தொட்டாள், வேண்டாம் என்று விட்டாள். இன்னொன்றை எடுத்தாள். மற்றதையெல்லாம் தான் கொண்டுவந்த ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினாள். அதன் பிறகு கையுறையை உரித்துப் போட்டாள்.

குழாயின் மூடியைத் திருகினாள். உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினாள்.

கறுப்புச் சேறு. கால்பிடிகூட இல்லை. பழைய கிணற்றைத் தூர்வாரும்போது வருகிற வாடை சமையலறையில் எழுந்தது. அய்யாசாமி மேடையைப் பிடித்துக்கொண்டார். அவள் கையை மூடித் திறந்தாள். சேறு விரலிடுக்கில் பிதுங்கியது.

"போதுமா அங்கிள்?" அவள் குரல் உடைந்திருந்தது. "இந்தக் குழாய் போச்சு. இதுல என்ன இருந்ததோ, வேற குழாய்ல இருக்குமோ இருக்காதோ. சார் இருந்திருந்தா என்னை அடிச்சிருப்பார்."

அழுகை வந்துவிட்டது. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அதை அவள் கவனிக்கவில்லை.

அய்யாசாமி அந்தக் கோட்டையே பார்த்தார். அவள் சொன்னது அத்தனையும் பொய் என்று இப்போது சொல்ல முடியவில்லை. நிஜம் என்றும் தைரியம் வரவில்லை. பயம் அப்படியேதான் இருந்தது. ஒன்று மட்டும் புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது. தொட விடாதீங்க என்று மகன் சொன்னது யாருக்காகச் சொன்னது?

"கையக் கழுவு தாயி," என்றார். தண்ணீர்க் குழாயை அவரே திறந்துவிட்டார்.

*

கார்களை வெளியே எடுத்திருந்தார்கள். சிமெண்டுத் தரையில் ஒரு பெஞ்சு. இரண்டு பெண்கள் ஒரு போர்வையைப் பிடித்து மறைத்திருந்தார்கள். மேலே பால்கனிகளில் ஆட்கள் நின்றார்கள். 

வாசுதேவன் பிளேடால் பிளாஸ்டிக்கைக் கிழித்தான். அந்தச் சத்தத்துக்கு அய்யாசாமியின் முதுகு சிலிர்த்தது. உள்ளேயிருந்து ஆஸ்பத்திரி வாடை. கௌதமனின் முகம் வீங்கியிருந்தது. வாய் ஓரத்தில் குழாய் ஒட்டியிருந்த பசையின் அடையாளம். வாசுதேவனும் வேன்காரன் ஒருவனும் அவனைப் புரட்டிச் சட்டையை உருவினார்கள். அப்போது முதுகு தெரிந்தது. தோள்பட்டைக்குக் கீழே பெரிய கட்டு. கட்டின் ஓரமெல்லாம் தோல் கன்றிச் சிவந்து கறுத்திருந்தது. அய்யாசாமி அதைப் பார்த்தார். வைஷ்ணவி களிம்பு போட்ட இடம்.

"மாமா." வாசுதேவன் கிண்ணத்தில் நல்லெண்ணெயை நீட்டினான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேன்காரனிடம் வாங்கிய ஒரு ஜோடி நீலக் கையுறையையும் நீட்டினான். "இதப் போட்டுக்கிட்டு வையுங்க. யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

நல்ல பையன். அய்யாசாமி கையுறையை வாங்கிக்கொண்டார். ஒன்றில் விரலை விட்டார். வியர்வையில் வழுக்கி, பாதிக்கு மேல் ஏறவில்லை. இழுத்தார். ரப்பர் நீண்டு சுள்ளென்று அடித்தது.

மாடிப்படிப் பக்கம் கால் சத்தம் கேட்டது. வைஷ்ணவி ஸ்நேஹாவின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

"அவள எதுக்குக் கூட்டிட்டு வந்த?" அய்யாசாமி பதறினார். "அங்கயே நில்லு! கிட்ட வராத!"

பிள்ளை நின்றுவிட்டாள். பெஞ்சைப் பார்க்கவில்லை. தாத்தாவைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு கையைப் பார்த்தாள். பாதி மாட்டிய நீல ரப்பர், அதில் தொங்குகிற காலி விரல்கள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஒரு அடி பின்னால் வைத்தாள். அம்மாவின் கையை உதற ஆரம்பித்தாள்.

"பாப்பா, அப்பாடா," என்றாள் வைஷ்ணவி. "நம்ம அப்பா."

"நஹீ. நஹீ மம்மி. தாத்தா டர் ரஹே ஹைன்."

தாத்தா பயப்படுகிறார் என்கிறாள். அய்யாசாமிக்கு அந்த இந்தி புரியும். அதில் பொய் எதுவும் இல்லை. 

எல்லோரும் காத்திருந்தார்கள். போர்வை பிடித்த பெண் கை மாற்றிப் பிடித்தாள். ஸ்ம்ருதி ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு தூணோரம் நின்றாள். அவளுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அவள் போகவில்லை.

அய்யாசாமி கையுறையை உருவிப் போட்டார். பயம் போய்விட்டதென்று இல்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றினார். ஒழுகி முழங்கை வரைக்கும் ஓடியது. கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று தோன்றியது. மூடவில்லை. கையைக் கொண்டுபோய் மகனின் உச்சந்தலையில் வைத்தார்.

சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரி ஐஸ் அறையின் குளிர் முடிக்குள் இன்னும் இருந்தது. இந்த வெயிலில் எங்கேயும் இல்லாத குளிர். கையை இழுத்துக்கொள்ளத்தான் நினைத்தார். விரல்கள் அதற்குள் தேய்க்க ஆரம்பித்துவிட்டன. உச்சி, பிடரி, காதுக்குப் பின்னால். அங்கே எண்ணெய் வைத்தால் கூசும் என்று சின்ன வயதில் கழுத்தை ஒடித்துக்கொள்வான். இப்போது ஒடிக்கவில்லை. தலை கையோடு வந்தது, கையோடு போனது.

"தண்ணி," என்றார்.

வாசுதேவன் ஹோஸ் பைப்பைத் திறந்தான். முதலில் வெயிலில் காய்ந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வந்தது. அய்யாசாமி தன் கையில் பிடித்துப் பார்த்தார். "பொறு, பொறு. சூடா இருக்கு." கொஞ்சம் ஓடவிட்டுத்தான் தலையில் விடச் சொன்னார். சீயக்காய் நுரை கண்ணில் இறங்காமல் நெற்றியில் கையை அணைகட்டினார். தண்ணீர் பெஞ்சிலிருந்து வழிந்து, சிமெண்டில் ஓடி, அவர் கால் விரல்களுக்கு நடுவில் புகுந்து போனது. குரானாவின் ஆட்கள் தண்ணீர் வருகிற பக்கத்திலிருந்து விலகி நின்றார்கள்.

ஸ்நேஹா எப்போது பெஞ்சுக்குக் கிட்டே வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை. அப்பாவின் கால் பெருவிரலை ஒரு விரலால் தொட்டாள். தொட்டுவிட்டுத் தாத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். அய்யாசாமி தடுக்கவில்லை.  பிள்ளை மறுபடி தொட்டாள். இந்தத் தடவை கை முழுவதையும் வைத்தாள்.

"டண்டா ஹை," என்றாள் மெதுவாக.

"ஆமா."

தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மகனின் தலையைத் துவட்டினார். நெற்றி, கண் இமைகள், மூக்கோரம், வாய் ஓரத்துப் பசை. பசை போகவில்லை. துண்டின் முனையை நனைத்துத் திரும்பத் திரும்பத் தேய்த்தார். கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து வந்தது.

மேலே ஒரு பால்கனிக் கதவு சாத்தப்பட்டது. தொடர்ந்து இன்னொன்று.

நல்ல வெயில். அய்யாசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. அதே துண்டால் தன் முகத்தை அழுத்தித் துடைத்தார். வாயையும் துடைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கோடித்துணிக்குக் கையை நீட்டினார்.